பாதி பிரியாணி இங்கே, பாதி அங்கே

"ஹூ...ஊ...ஊ..."

இருட்டிய பிறகு பின்னறையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். சூசை பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டான்.

"இன்னாசி அண்ணே, பேய்தானே அது?"

"பேய்க்குக் கரண்ட் எதுக்குலே? நம்ம பழைய கம்ப்யூட்டர்தான்," என்றான் இன்னாசி. சொல்லிவிட்டானே தவிர, பேயாகவே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. பேய் என்றால் ஒரு ஜெபமாலையோடு போய்விடும். கம்ப்யூட்டர் என்றால் ரெஜினா அக்காவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ரெஜினா அக்கா தூத்துக்குடியில் சமையல் இணையதளம் நடத்துகிறார். அதில் குறிப்புகள் மலையாய்க் குவிந்திருந்தன. மலையைத் தாங்கிய மென்பொருளோ கிழடு தட்டிப்போயிருந்தது. எல்லாவற்றையும் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பொறுப்பை இன்னாசி, தொம்மை, சூசை என்ற மூன்று அறிவுக் கொழுந்துகளிடம் விட்டிருந்தார்.

"ஒரேயடியா மாத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. பார்க்க வர்றவங்களுக்கு வித்தியாசமே தெரியக்கூடாது. கிறிஸ்மஸுக்குள்ள முடியலைன்னா மூணு பேருக்கும் வேலை கிடையாது."

இன்னாசிக்கு ஜனவரியில் கல்யாணம். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதிக்கவில்லை. வேலையைப் பார்த்துத்தான் சம்மதித்திருந்தார்கள். அதனால் அவன் உடனே ஆலோசனைக் கூட்டம் போட்டான்.

"முதல்ல பிரியாணியை மாத்துவோம்," என்றான் சூசை.

"அப்போ மீன்குழம்பு எழுதின அக்காமாரு மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டான் தொம்மை. எதையும் நம்பாத ஆள்.

இன்னாசி பெஞ்சைத் தட்டினான். "அக்கா என்ன சொன்னாங்க? கொஞ்சம் கொஞ்சமா. அப்போ எல்லாத்துலயும் கொஞ்சம் எடுப்போம். யாருக்கும் மனத்தாங்கல் வராது."

அப்படியே ஒவ்வொரு குறிப்பிலும் மேல்பாதி புதிய தளத்துக்குப் போனது. கீழ்ப்பாதி பழையதிலேயே இருந்தது.

போன் அடிக்க ஆரம்பித்தது. "தம்பி, வெங்காயம் பொன்னிறமாயிட்டு. அடுத்து என்ன போடணும்?"

"அடுத்தது வியாழக்கிழமைதான் வரும்மா. அதுவரைக்கும் அடுப்பை சிம்ல வைங்க."

தொம்மை சும்மா இருக்கவில்லை. வித்தியாசம் தெரியக்கூடாதே! பழைய தளத்தில் திறக்காத படங்கள் புதியதிலும் திறக்காதபடி பார்த்துப் பார்த்துக் கெடுத்துவைத்தான். வேலையிலேயே அதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

புகார்கள் பெருகவே, பழைய தளத்துக்கு வருகிறவர்கள் தானாகப் புதியதுக்குப் போகும்படி இன்னாசி ஏற்பாடு செய்தான். சூசைக்கு இளகிய மனசு. புதியதில் பாதிக் குறிப்பைப் பார்த்து ஏமாந்து நிற்பார்களே என்று, அங்கே வருகிறவர்கள் தானாகப் பழையதுக்குப் போகும்படி அவனும் ஏற்பாடு செய்தான். அன்று சாயங்காலம் முதல், வந்த சனமெல்லாம் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று உட்கார இடமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தைத் தாங்க முடியாமல்தான், பழைய தளத்தைச் சுமந்த பின்னறைக் கம்ப்யூட்டர் அன்று இரவு அப்படி இரைந்தது.

"அதுக்கு மூச்சு வாங்குதுலே," என்றான் தொம்மை, காதை வைத்துக் கேட்டுவிட்டு.

"ஓமத்தண்ணி கொடுப்போமா?" என்று கேட்டான் சூசை.

"கொடுக்கலாம். வாய் எதுன்னு கண்டுபிடி."

மூவரும் டார்ச் அடித்து வாயைத் தேடிக்கொண்டிருந்தபோது ரெஜினா அக்கா வந்து சேர்ந்தார். நல்லவேளை, சூசையின் கையிலிருந்த டம்ளர் இன்னும் சரியவில்லை.

அக்கா அவர்களை மூலையில் உட்காரவைத்துவிட்டுத் தானே வேலையில் இறங்கினார். ஓட்டத்தை நிறுத்தினார். பிரிந்த பாதிகளைச் சேர்த்தார். குழம்பு வகை முழுவதும் புதியதுக்குப் போய்ச் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பொரியலைத் தொட்டார். கிறிஸ்மஸுக்கு முன்பே எல்லாம் குடியேறிவிட்டது.

"பழைய மெஷினை நிறுத்திட்டேன்," என்றார் அக்கா. "கடைசியா ஒரே ஒரு வேலை. அந்த ரூமுக்குள்ள யாரும் இல்லைன்னு பார்த்துட்டுப் பூட்டிடுங்க. இதையாவது ஒழுங்கா செஞ்சா வேலையில இருங்க. இல்லை, வெளியே போயிட்டே இருங்க."

மூவரும் பயபக்தியோடு உள்ளே போனார்கள்.

"யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான் இன்னாசி.

"நான் இருக்கேன்," என்றான் சூசை.

"நீ வெளியே போ. தொம்மை, நீயும் போ. இப்போ யாராவது இருக்காங்களா?"

"நீ இருக்கியே!" என்றான் தொம்மை வாசலிலிருந்து.

இன்னாசியும் வெளியே வந்தான். "இப்போ?"

"இப்போ யாரும் இல்லைன்னு உள்ள போய்ப் பார்க்காம எப்படி நம்புறது?" என்றபடி தொம்மை உள்ளே போனான். போனதும் அவன் இருந்தான்.

மூவரும் மாறி மாறிப் போய்ப் பார்த்தார்கள். எப்போது பார்த்தாலும் உள்ளே ஆள் இருந்தது. இன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. திடீரென்று முகம் தெளிந்தான்.

"வாங்கலே ரெண்டு பேரும் உள்ள!"

"எதுக்கு அண்ணே?"

"பூட்டலைன்னா அக்கா நம்மளை வெளியே அனுப்பிடுவாங்க. இங்கேயிருந்து பூட்டிக்கிட்டா எப்படி அனுப்புவாங்க?"

இருவரும் ஓடி உள்ளே வந்தார்கள். இப்படிப்பட்ட தலைவனோடு வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அக்கா சாவியோடு வராந்தாவில் வருவதற்கும், இன்னாசி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போடுவதற்கும் சரியாக இருந்தது.