முரல் கப்பலில் கடுகு தாளித்தவர்

ஸ்கேன் குழாய்க்குப் பயந்து அருளப்ப மோத்தா போன வாரமே ஒரு தடவை ஓடிவந்துவிட்டார். உள்ளே படுத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவோம் என்று அவருக்குத் திடமான எண்ணம். படம் எடுக்காமல் முதுகில் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இன்று காலை மறுபடி வந்து, தூத்துக்குடி ஸ்கேன் சென்டர் பெஞ்சில் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் தஸ்நேவிஸ் என்றொரு பெரியவர். அவருக்கும் ஸ்கேன்தான்.

"இந்தக் குழாய்க்கா பயப்படுதீரு? சண்டை சமயத்தில நான் ‘முரல்’ங்கிற நீர்மூழ்கிக் கப்பல்ல சமையல்காரன், வே. நாப்பது நாள் கடலுக்கடியில."

"நாப்பது நாளா?"

"மேல எதிரிக் கப்பல்காரன் காதை வச்சுக் கேட்டுக்கிட்டே நிக்கான். சின்னச் சத்தம்கூட வரக்கூடாது. கடுகைத் தலையணைக்கு அடியில வச்சுத்தான் தாளிப்பேன். ஒவ்வொரு கடுகுகிட்டயும் தனித்தனியாச் சொல்லி வச்சிருந்தேன்."

மோத்தா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சத்தம் சரி. வாசனை?"

"அங்கதான் மாட்டினோம். சீலா மீன் குழம்பு வாசனை குமிழி குமிழியா மேல போயிட்டு. எதிரிக் கேப்டன் கயித்துல தூக்குவாளியைக் கட்டி இறக்குதான். நிறைய ஊத்தி அனுப்பினேன். தின்னவன் பூரா மூணு நாள் உறக்கம். நாங்க நைசாக் கிளம்பினா, டீசல் தீந்து போச்சு."

"அப்புறம் எப்படி வந்தீரு? நீந்தியா?"

"எஞ்சினுக்குள்ள மிளகு ரசத்தை ஊத்தினேன். கப்பல் தும்மிச்சு பாரும், ஒரு தும்மலுக்குப் பத்து மைல். பதினாறாவது தும்மல்ல தூத்துக்குடி."

"இவ்வளவுக்கும் ஒரு மெடல் தரலியாக்கும்?"

"தந்தாங்க. நெஞ்சில குத்தினதும் அந்தக் கனத்துல கப்பல் ஒரு பக்கமாச் சாஞ்சிட்டு. கழட்டிக் குடுத்திட்டேன்."

அதற்குள் மோத்தாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓட வேண்டும் என்பதையே மறந்து எழுந்து போனார். குழாய்க்குள் தலை நுழைந்த பிறகுதான் பயம் ஞாபகம் வந்தது. இறங்கிவிடலாமா என்று நினைக்கையில் மிஷின் டக்டக்கென்று வெடிக்க ஆரம்பித்தது. சொல்பேச்சுக் கேளாத கடுகு, என்று தோன்றியது. சிரிப்பில் வயிறு குலுங்கியது.

"ஐயா, சிரிக்காதீங்க. படம் ஆடுது" என்றது ஸ்பீக்கர்.

அரைமணி நேரத்தில் முழுசாக வெளியே வந்தார். அடுத்து தஸ்நேவிஸ். அறைக்குள் எட்டிப் பார்த்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா," என்று நர்ஸிடம் கேட்டார், "இதுக்கு ஜன்னல் கிடையாதா?"

மோத்தா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "உம்ம கப்பல்ல மட்டும் ஜன்னல் இருந்துதோ?" என்றார்.

"ஆறு இருந்துது, வே" என்றார் தஸ்நேவிஸ். "கொசுவலை அடிச்சது."