மன்னனின் வலது கை

முன்னொரு காலத்தில் கடம்பநாட்டை மாவலவன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கோபம் வந்தால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று பார்க்கமாட்டான். காலையில் ஒருவனை நாடு கடத்துவான், மாலையில், "எங்கே அவனைக் காணோம்?" என்று தேடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் விடிந்தபோது வலது கை வேலை செய்யவில்லை. துவண்டு தொங்கியது. கிள்ளினாலும் உறைக்கவில்லை. தைலம் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மன்னனின் தம்பியைக் கண்டாலே ஆகாத பொக்கிஷத் தலைவன் வீரசிங்கனுக்கு இது நல்ல சமயமாகப் போயிற்று.

"அரசே, இது நோயே இல்லை, சூனியம்! தங்கள் தம்பி கோபித்துக்கொண்டு போனாரே, அவர் வேலைதான்."

தம்பி சேந்தன் போனதற்குக் காரணம் இருந்தது. ஊர் ஏரியைத் தூர்த்து நந்தவனம் போட மன்னன் ஆசைப்பட்டான். "ஜனங்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள் அண்ணா?" என்று சேந்தன் சபையிலேயே கேட்டுவிட்டான். மன்னன் எழுந்து வந்து பளாரென்று அறைந்தான். சேந்தன் உடுத்திய துணியோடு அரண்மனையை விட்டுப் போனான்.

வீரசிங்கன் தூபம் போடப்போட மன்னன் கொதித்தான். "அமாவாசைக்குள் என் கை அசையவில்லையென்றால் சேந்தனைக் கட்டி இழுத்து வாருங்கள். அவன் வலது கையை வெட்டுகிறேன்!"

இதைக் கேட்ட நாள்முதல் அமைச்சர் நல்லாதனுக்குச் சோறு இறங்கவில்லை. வைத்தியரைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"வாதமாக இருக்குமோ?"

"வாதமென்றால் வாய் கோணும், கால் இழுக்கும், நாடியில் தெரியும். எதுவுமே இல்லை. எனக்கே பிடிபடவில்லை ஐயா."

ஒரு மதியம் நல்லாதன் மன்னனைப் பார்க்கப் போனார். மன்னன் ஊஞ்சலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கின்மேல் ஈ ஒன்று உட்கார்ந்தது. மன்னனின் வலது கை மெல்ல எழுந்தது, ஈயை விரட்டியது, மறுபடி மடியில் விழுந்தது.

நல்லாதன் வந்த சுவடு தெரியாமல் திரும்பினார். கை நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் மன்னன் நடிக்கவும் இல்லை. ஒரு கவளத்தை எடுக்க முடியாமல் அவன் கண்கலங்கியதை அவரே பார்த்திருக்கிறார். அறைந்த மறுநாள்தானே இந்தக் கை விழுந்தது? விஷயம் புரிந்தது. புரிந்ததும் பயம் இன்னும் கூடியது. சொன்னால், "என்னைப் பொய்யன் என்கிறாயா, பைத்தியம் என்கிறாயா?" என்று தன் தலையை வாங்குவான். சொல்லாவிட்டால் சேந்தனின் கை போகும்.

அமாவாசையும் வந்தது. சபையில் வீரசிங்கன் முந்திக்கொண்டான். "ஆட்களை அனுப்பலாமா அரசே?"

அப்போது சமையற்காரர் வழக்கம்போல் வீரசிங்கனுக்குப் பால் கொண்டுவந்தார். வீரசிங்கன் ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்தான். சற்று நேரத்தில் அதே சமையற்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, மோசம் போனேன்! பால் குண்டானில் பல்லி!"

வீரசிங்கனின் முகம் வெளிறியது. வயிற்றைப் பிடித்தான். வியர்த்துக் கொட்டியது. "எரிகிறதே! குடலைப் பிசைகிறதே!" என்று தூணோரம் சுருண்டு, குடித்ததையெல்லாம் கக்கினான்.

"வைத்தியரைக் கூப்பிடுங்கள்!" என்று பதறினான் மன்னன்.

நல்லாதன் முன்னே வந்தார். இப்போது விட்டால் இனி இல்லை.

"வேண்டாம் மன்னா. பல்லி விழவேயில்லை. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்."

"பல்லி இல்லையா?" என்று முனகினான் வீரசிங்கன்.

"என்ன விளையாட்டு இது?" மன்னனின் குரல் இடித்தது.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள் மன்னா. வீரசிங்கர் நடித்தாரா?"

"இல்லை. வியர்த்ததை என் கண்ணால் பார்த்தேன்."

"வயிற்றில் விஷம் இருந்ததா?"

"இல்லை."

"விஷமும் இல்லை, நடிப்பும் இல்லை. வலி மட்டும் நிஜம். மனம் பயந்தது, வயிறு துடித்தது. மனம் தாங்காததை உடம்பு எடுத்துக்கொள்ளும் மன்னா. அது பொய்யும் இல்லை, பைத்தியமும் இல்லை."

மன்னன் தொங்கிய தன் கையைப் பார்த்தான்.

"எல்லோரும் வெளியே போங்கள். நல்லாதர் மட்டும் இருக்கட்டும்."

இருவர் மட்டும் ஆனதும் மன்னன் தணிந்த குரலில் கேட்டான். "என் மனம் எதைத் தாங்கவில்லை நல்லாதரே?"

"அது தங்களுக்கே தெரியும். அந்தக் கை கடைசியாக என்ன செய்தது?"

மன்னன் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. "அம்மா சாகும்போது அவனை என் கையில்தான் ஒப்படைத்தாள்," என்றான்.

அன்றே தேர் பூட்டச் சொன்னான். "உன் வாயால் சொல்," என்று வீரசிங்கனையும், கூடவே அமைச்சரையும் ஏற்றிக்கொண்டான்.

சேந்தன் ஒரு குடியானவர் வீட்டில் தங்கியிருந்தான். தேரைக் கண்டதும் வாசலில் அசையாமல் நின்றான். வீரசிங்கன் தலையைத் தொங்கப் போட்டபடி, "சூனியம் என்று நான் சொன்னது வீண்பழி," என்றான். சேந்தன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மன்னன் ஊரார் பார்க்கத் தேரிலிருந்து இறங்கி வந்தான். "தப்பு செய்துவிட்டேன்டா. ஏரி இருக்கட்டும். நீ வா."

"அடித்தது வலிக்கவில்லை அண்ணா. நீ கூப்பிட ஆளனுப்புவாய் என்று தினமும் பார்த்தேனே, அதுதான்." சேந்தனுக்குக் குரல் உடைந்தது. முன்னால் வந்து அண்ணனின் செத்த கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

நல்லாதன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. தவறாகக் கணித்துவிட்டோமோ என்று நினைத்தார். பிறகு சுண்டுவிரல் மடங்கியது. அடுத்த விரல். மெல்ல, மிக மெல்ல, மன்னனின் கை தம்பியின் கையை இறுக்கியது.

மன்னன் நிற்கும்போது உட்காரக் கூடாது என்பதையும் மறந்து, நல்லாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.