இரண்டு விசில்

பூவலிங்கம் ஏறப் பிறந்தவர் அல்ல, ஏற்றிவிடப் பிறந்தவர். போடியிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தார். பின்படியில் நின்று ஒரு விசில் ஊதினால் மலை நிற்கும், இரண்டு ஊதினால் மலை நகரும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்கூட அவர் பள்ளத்தைப் பார்த்ததில்லை. டிக்கெட்டைத்தான் பார்த்தார்.

ஓய்வு கிடைத்த மாதமே சர்க்கரையும் கிடைத்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கக் கற்றுக்கொடுத்தவர் அழகுநாச்சி. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். விசில் ஊதுவதில் அவரும் குறைந்தவர் அல்ல.

குருவுக்கு வயது ஐம்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தாறு. இவர் அவரை 'டீச்சர்' என்பார். அவர் இவரை 'சார்' என்பார். யார் யாருக்கு மரியாதை தருகிறார்கள் என்பது தெருவில் எவருக்கும் விளங்கியதில்லை.

பெரு நாட்டில், இன்கா ராஜாக்கள் மலைமேல் கட்டிவிட்டுப் போன ஒரு கல் நகரம் இருக்கிறது. பழைய கல்பாதையில் நாலு நாள் நடந்தால் அது முகம் காட்டும். டீச்சர் பன்னிரண்டு வருஷமாக அதன் படத்தை அரிசி டின்னுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். நடைக் குழுவில் பதினொரு பேர் கிளம்புவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட் என்றதும் நாலு பேர் உதிர்ந்தார்கள். தடுப்பூசி என்றதும் மூணு பேர். விமானம் கடலுக்கு மேலே போகும் என்று யாரோ சொன்னதில் இன்னும் இரண்டு பேர்.

மிச்சம், குருவும் சீடரும்.

பூவலிங்கத்தின் சம்சாரம் அவரை ஓர் ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்து டீச்சரிடம் ஒப்படைத்தார். "ரெண்டும் உடையாம வந்து சேரணும் டீச்சர்."

அந்த மலையைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேகம் காலுக்குக் கீழே மேயும், ஆடு தலைக்கு மேலே மேயும். வெளியே விட்ட மூச்சு, திரும்பி வரலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வரும்.

வழிகாட்டியின் பெயர் தெயோபிலோ. மலைக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, பூவலிங்கத்துக்கு அவர் பாஷை தெரியாது. இருந்தும் முதல் நாள் மதியத்துக்குள் இருவரும் கோபித்துக்கொண்டு, ராசியும் ஆகிவிட்டார்கள். ஊறுகாய்தான் காரணம்.

வழியில் ஒரு விலங்கு நின்று இவர்களைப் பார்த்தது.

"என்ன டீச்சர் இது? ஒட்டகம் ஆட்டைக் கட்டிக்கிட்ட மாதிரி?"

"லாமா."

"என்ன லாமா? போலாமா? வரலாமா?"

"வெறும் லாமா, சார்."

பூவலிங்கம் சிரித்தார். ஆனால் அந்த நாலு நாள் நடைக்கு அவர் வந்தது சிரிக்க அல்ல, கல் நகரம் பார்க்கவும் அல்ல. முதுகுப் பையில் அடங்காத ஒரு சுமை அவரிடம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துச் சுமை.

போடி மலையடிவாரத்தில் முந்தல் நிறுத்தம். ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்தார் ஒச்சம்மாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அடுத்த ஊர்க் கடையில் சூடான டீயை நினைத்துக்கொண்டு பூவலிங்கம் இரண்டு விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்தது. அந்தம்மாவின் இடுப்பு உடைந்தது.

விசாரணையில், "வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே குதிச்சிட்டாங்க" என்றார் இவர். அதையே எழுதிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஒச்சம்மாளும் அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிட்டார். இப்போதும் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போகும்போது இவரைக் கண்டால் நிற்பார்.

"என்ன கண்டக்டரே, சாப்பிட்டாச்சா? அன்னிக்கு நான் மட்டும் அவசரப்படாம இருந்திருந்தா, உங்களுக்கும் அந்த அலைச்சல் இல்ல."

இதைத்தான் பூவலிங்கம் குருவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடல் கடந்து வந்திருந்தார். கல் நகரத்தைப் பார்க்கும் முன் சொல்லிவிட வேண்டும். ஊரில் வைத்துச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அங்கே சுவருக்கும் உறவினர் உண்டு.

முதல் நாள் ஏற்றத்தில் ஆரம்பித்தார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"ம்ம்."

"பெரிய விஷயம்."

"ம்ம்."

"கேக்குறீங்களா இல்லியா?"

அழகுநாச்சி நின்று மூச்சு வாங்கினார். "ஏறும்போது எனக்கு வாய் கிடையாது சார். காதுதான். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேன்."

இறக்கம் வந்தது. குருவுக்கு வாய் வந்தது, சீடருக்குப் போய்விட்டது.

இரண்டாம் நாள் சாயங்காலம், கூடாரத்து வாசலில் உட்கார்ந்து இருவரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். பூவலிங்கம் சுற்றி வளைத்து வந்தார்.

"டீச்சர், ஒரு ஆள் ஒரு தப்புப் பண்ணிப்புட்டான். அதைக் குருகிட்ட சொன்னா தீந்துருமா?"

"யாரு அந்த ஆள்?"

"தெரிஞ்சவன்."

"நெருங்கின சொந்தமோ?"

"ரொம்ப நெருக்கம்."

"அப்ப அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டா?"

மூன்றாம் நாள் கணவாய். செங்குத்தான பாறையை ஒட்டி ஆயிரத்து எண்ணூறு கல்படிகள். எண்ணியவர் பூவலிங்கம், ஆகவே இருநூறு முன்னேபின்னே இருக்கலாம். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம், முப்பத்தொரு வருஷமாக அவர் பார்க்காமல் விட்ட பள்ளம் அத்தனையும் ஒரே இடத்தில்.

தெயோபிலோ சைகையால் சொன்னார்: கண் அடுத்த படியில் இருக்கட்டும், படியில் திரும்பிப் பார்க்காதே. சொல்லிவிட்டு, உச்சியில் டீ போட்டு வைக்க முன்னால் ஏறிப் போய்விட்டார். மூடுபனி அவரை மூன்றே படியில் விழுங்கியது.

அழகுநாச்சி கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க முன்னால போங்க. நான் எப்பவும் பின்படி ஆளு."

"இன்னிக்கு முன்னால ஏறுங்க சார். நான் பின்னால வரேன்."

பூவலிங்கம் ஏறினார். ஒரு படி. ஒரு மூச்சு. இன்னொரு படி. ஐம்பது படி தாண்டியதும் காலடிச் சத்தம் கேட்டது. கூடவே மூச்சுச் சத்தம். அவருக்குத் தைரியம் வந்தது.

"டீச்சர்?"

"ம்ம்."

"முழங்கால் எப்படி இருக்கு?"

"ம்ம்."

ஏற்றம், அதனால் வாய் இல்லை, காது மட்டும் இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. திரும்பவே கூடாது என்று சட்டமும் இருக்கிறது. சொல்ல இதைவிட நல்ல இடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்?

படிக்கு ஒரு சொல் வீதம் சொல்ல ஆரம்பித்தார்.

"நேத்து சொன்ன ஆளு நான்தான் டீச்சர்."

"ம்ம்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

முந்தல் நிறுத்தத்தைச் சொன்னார். டீயைச் சொன்னார். விசிலைச் சொல்லும் இடத்தில் பாறையில் கை ஊன்றி நின்றார். பின்னால் காலடியும் நின்றது. அவசரப்படுத்தவில்லை.

"விசாரணையில நான் சொன்னது பொய் டீச்சர். அந்தம்மா குதிக்கல. நான்தான் ஊதினேன்."

"ம்ம்ம்." இந்த முறை கொஞ்சம் நீளமாக.

"ஊர்ல எல்லாரும் நினைக்கிற மாதிரி நல்லவன் இல்ல நான்."

"ம்ம்."

இதற்காவது மறுத்திருக்கலாமே என்று அவருக்குச் சின்ன வருத்தம் வந்தது. ஆனாலும் தொடர்ந்தார். அழுதுகொண்டே ஏறினார், ஏறிக்கொண்டே அழுதார். கடைசி நூறு படியில் கால் தானாக ஏறியது. பள்ளத்தைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தார். அது அங்கேயே இருந்தது, ஒன்றும் செய்யவில்லை.

உச்சி வந்தது. தெயோபிலோ டீக் கெட்டிலோடு நின்றார்.

"சொல்லிட்டேன் டீச்சர். இனி நீங்க என்ன சொன்னாலும் சரி" என்று பூவலிங்கம் திரும்பினார்.

நீளக் கழுத்தும் பெரிய கண்ணுமாக லாமா அவரைப் பார்த்தது. எதையோ மென்றுகொண்டிருந்தது.

"ம்ம்" என்றது.

தெயோபிலோ விழுந்து விழுந்து சிரித்தார். இந்த விலங்குகள் இப்படித்தான் முனகும், பிடிக்காதவர் என்றால் எச்சில் துப்பும், உங்கள் மேல் துப்பவில்லை, பெரிய மரியாதை என்று கையாலும் வாயாலும் விளக்கினார். பூவலிங்கம் டீயை வாங்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அழகுநாச்சி வந்து சேர்ந்தார். முழங்காலில் கட்டு. மருந்துப் பெட்டி சுமையாட்களிடம் இருந்தது, அவர்கள் வரும்வரை கீழேயே காத்திருந்திருக்கிறார்.

"பின்னால வரேன்னு சொன்னீங்களே."

"வந்துட்டேனே சார்."

"பின்னாலன்னா முதுகுக்குப் பின்னால இல்லியா?"

"கொஞ்சம் பின்னால. சாவகாசமா." டீச்சர் அவரை உற்றுப் பார்த்தார். "ஏன், என்ன ஆச்சு?"

"வழியெல்லாம் உங்ககிட்ட பேசிக்கிட்டே வந்தேன். நீங்களும் உம் கொட்டினீங்க."

"நானா?"

பூவலிங்கம் புல் மேய்ந்துகொண்டிருந்த லாமாவைக் காட்டினார்.

அழகுநாச்சி சிரிக்க ஆரம்பித்தார். முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் சீடரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றது.

"லேசா இருந்துச்சா சார், சொல்லும்போது?"

"இருந்துச்சு. திரும்பிப் பார்த்ததும் போச்சு. ஒரு தடவை சொல்ல இருபத்திரண்டு வருஷம் ஆயிருக்கு டீச்சர்."

டீச்சர் அவர் வாங்காமல் ஆறிப்போன டீயைக் கீழே கொட்டிவிட்டு, சூடாக ஒரு தம்ளர் வாங்கி அவர் கையில் வைத்தார்.

நாலாம் நாள் காலையில் கல் நகரம் முகம் காட்டியது. படிப்படியாக வயல்களும், கூரை இல்லாத வீடுகளும், சாந்தே இல்லாமல் அடுக்கிய சுவர்களும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே பஸ் டிக்கெட் போகுமா என்று பூவலிங்கம் சோதித்துப் பார்த்தார். டிக்கெட்தான் மடங்கியது.

அழகுநாச்சி ஓர் ஓரமாக உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷம் படத்தில் பார்த்ததை நேரில் பார்த்துக்கொண்டிருந்தார். பூவலிங்கம் அதைக் கெடுக்கவில்லை. வெயில் ஏறியபிறகுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"டீச்சர், இப்பச் சொல்றேன். ஏத்தம் முடிஞ்சது. உங்களுக்கு வாயும் இருக்கு, காதும் இருக்கு."

"வேண்டாம் சார்."

"மிருகம் கேட்டதை நீங்க கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"கேட்டா என்னை வெறுத்துருவோம்னு பயமா?"

"வெறுக்க மாட்டேன். அதுதான் பயமே."

பூவலிங்கத்துக்கு விளங்கவில்லை. "அதுல என்ன டீச்சர் பயம்?"

அழகுநாச்சி கட்டுப்போட்ட காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

"நீங்க எதைச் சொன்னாலும் 'பரவாயில்ல சார், விடுங்க'ன்னு சொல்லிருவேன். எனக்கு உங்க மேல அவ்வளவு பிரியம். 'பரவாயில்ல'ன்னு சொல்ல வேண்டிய ஆளு நான்தானா சார்?"