மீட்டரில் ஏறாத ஓட்டம்

காவிரிக்கரை மடத்தில் குருவுக்கு நாற்பத்துச் சொச்சம் வயது, சீடனுக்கு அறுபது. குரு மரகதம்மா. சீடன் செங்கோடன், லாரி ஓட்டி ஓய்ந்த ஆள். குரு சீடனை "அண்ணா" என்பார், சீடன் குருவை "அம்மா" என்பார். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

மடத்துக்குச் சொத்து என்று சொன்னால் ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, ஒரு பிக்கப் வண்டி. அந்தப் பிக்கப்பில்தான் சுற்றுவட்டாரத்து ஏழைபாழைகள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பின்னால் கூரை போட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்திருந்தார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொல்லி அனுப்பினால் போதும், செங்கோடன் வண்டியோடு போய் நிற்பார். காசு கிடையாது.

செங்கோடனுக்கு ஒரே ஒரு ஆசை. காவி கட்ட வேண்டும், அதையும் மரகதம்மா கையால் வாங்கிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பூசை முடிந்த கையோடு போய் நிற்பார்.

"இந்த மாசமாவது ஆகட்டுங்களாம்மா?"

"பாக்கலாங்கண்ணா."

மனுஷனுக்குப் பொறுமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? சித்திரைப் பௌர்ணமியன்று பொட்டென்று போட்டு உடைத்துவிட்டார்.

"எனக்கு என்னங்கம்மா குறைச்சல்? எத்தனை பேரைக் கொண்டுபோய் எறக்கியிருக்கறேன்! பச்சைப் புள்ளையைக்கூடக் கொண்டுபோனேனுங்க. அத்தனை ஏனுங்க, என்ர சம்சாரம் பாவாயி போனப்போ நாந்தானுங்களே வண்டி ஓட்டுனேன்? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வல்லீங்க. ஊரே பாத்துச்சு. ஒண்ணும் ஒட்டலீங்கம்மா எனக்கு. இன்னும் என்ன பாக்கி?"

மரகதம்மா பூசைத் தட்டைத் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"வண்டிக்கு ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சுங்கண்ணா?"

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. காவியைக் கேட்டால் ஆயிலைக் கேட்கிறாரே! ஆனாலும் ஆயில் என்று பேச்சு வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. நாசிக், இந்தூர் என்று ராவும் பகலும் லாரி ஓட்டிய ஆள். எந்த ஆயிலை ஊற்றுவது, எப்போது மாற்றுவது என்று ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

"அதுக்கு இன்னும் கெடக்குதுங்க. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துனாப் போதும். இது மாத்துன பொறகு ஐயாயிரங்கூட ஓடலீங்க. வந்து மீட்டரைப் பாருங்களேன்."

"நல்ல ஆயிலுங்களா?"

"இருக்கறதுலயே உசத்திங்க! கடைக்காரரு சாதா டின்னைத்தான் எடுத்து வெச்சாரு. அதெல்லாம் வேண்டாம், சிந்தெடிக் குடுங்கன்னு சண்டை போட்டு வாங்கியாந்தேன். எத்தனை சூடானாலும் தாங்கும். அழுக்கு ஒட்டவே ஒட்டாது."

"ஒட்டாதா?"

"ஒட்டாதுங்கம்மா."

"எதுக்கும் மாத்திருங்கண்ணா."

செங்கோடன் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர மாற்றவில்லை. அம்மாவுக்கு ஆண்டவனைத் தெரியும், ஆயிலைத் தெரியுமா என்று உள்ளுக்குள் ஒரு நக்கல். என்ஜினில் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது. கறுப்பாக இருந்தது வாஸ்தவம்தான். டீசல் வண்டியில் ஊற்றின மறுநாளே ஆயில் கறுத்துவிடும், அதைப் பார்த்துப் பயப்படுகிறவன் டிரைவரே இல்லை. அளவு குறைகிறபோது மேலே கொஞ்சம் ஊற்றிக்கொள்வார், அவ்வளவுதான்.

வைகாசி பிறந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. தறிப்பட்டறையில் வேலை பார்த்த முத்துக்கவுண்டர் என்ற பெரியவர் காலமாகிவிட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். செங்கோடன் போனார், ஏற்றினார், கிளம்பினார்.

சாவு ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் தப்பட்டை, வெடி. பின்னால் அழுதுகொண்டு வரும் பெண்கள். நடுவில் வண்டி, ஆள் நடக்கிற வேகத்தில். முதல் கியரைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. முச்சந்தி வந்தால் நிற்க வேண்டும், கோயில் வந்தால் நிற்க வேண்டும், அத்தைக்காரி லேட்டாக வந்து விழுந்து புரண்டால் அவள் எழுந்திருக்கிறவரைக்கும் நிற்க வேண்டும். நின்றாலும் என்ஜினை அணைக்கக் கூடாது. பிணம் ஏறின வண்டியை நடுவழியில் அணைத்தால் ஆகாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு.

ஆற்றுக்குத் திரும்புகிற மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. போன வாரமே அது இரண்டு மூன்று தடவை மினுக்கியிருந்தது. வயரில் ஏதோ கோளாறு என்று செங்கோடன் விட்டுவிட்டார். இப்போது கடகடவென்று அடியில் ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அப்புறம் படக்கென்று எல்லாம் நின்றுபோனது.

"அட கெரகமே!"

புகை எழும்பியது. தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. தப்பட்டைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். 

பெரியவரின் மகள்தான் முதலில் கத்தினாள். "எங்கய்யன் போக மாட்டேங்கறாரே! அய்யா, சின்னவன் உன்ர கூடப் பேசலைன்னுதானே மனசு கேக்காம நிக்கறே?"

அவ்வளவுதான், கூட்டத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. சொத்துச் சண்டையில் அப்பனோடு பேச்சை விட்டிருந்த சின்ன மகன் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு வந்தவன், ஓடிவந்து வண்டிக்கு முன்னால் தார்ரோட்டில் அப்படியே விழுந்தான். "நான் பேசறேன்யா! எந்திரிச்சு வந்து என்னை ரெண்டு அடி அடிய்யா!"

"ஏனுங்க, என்ஜின் போச்சுங்க! அவரு ஒண்ணும் போக மாட்டேங்கலை!" என்று செங்கோடன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். யார் காதில் விழும்? கடைசியில் பிள்ளைகள் இரண்டு பேரும் உறவுக்காரர்களும் பாடையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னவன் முன்னால் பிடித்திருந்தான். அவன் அழுகை மேட்டைத் தாண்டிச் சுடுகாட்டுக்குள் போய்க்கூடக் கேட்டுக்கொண்டிருந்தது.

செங்கோடன் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினார். இறுகிப் பிடித்துக்கொண்ட என்ஜின் சாவிக்கு அசையாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் திருப்பினார், மறுபடி திருப்பினார்.  அந்த அழுகை நிற்கிறவரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு டிராக்டர் வண்டியை மடத்துக்கு இழுத்து வந்து விட்டது. மரகதம்மா வாசலுக்கு வந்து பார்த்தார். 

செங்கோடன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தட்டின் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஆயில் கொட்டட்டும் என்று சட்டியைப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"என்னடா இது!"

கம்பியை விட்டுக் குத்தினார். உள்ளே கம்பி சொதக்கென்று இறங்கியது. இழுத்தார். கன்னங்கரேலென்று ஒரு கட்டி வந்து சட்டியில் பொத்தென்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. தார் டின்னின் அடியில் காய்ந்து கிடக்குமே, அப்படி.  நாற்பது வருஷமாக வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவர், இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

தவழ்ந்து வெளியே வந்தார். நேராகப் போய் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஐயாயிரங்கூட ஆகலீங்களேம்மா! இந்தா பாருங்க! உசத்தி ஆயிலுங்க! இந்த வண்டி எங்கீங்க போச்சு? இங்கிருந்து ஆத்துக்கு, ஆத்துல இருந்து இங்க. இதைத் தாண்டி ஒரு எடத்துக்குப் போனதுண்டா? எப்பிடீங்க இப்பிடி ஆகும்?"

"சக்கரம் உருண்டாத்தானுங்கண்ணா மீட்டர் ஏறும். என்ஜின் எத்தனை நேரம் ஓடுச்சுன்னு அதுக்கு என்ன தெரியும்?"

  இத்தனை வருஷமாக ஒவ்வொரு சாவுக்கும் நின்றுகொண்டே ஓடின நேரமெல்லாம் அப்போதுதான் செங்கோடன் மண்டையில் ஏறியது. லாரிக்கணக்கை இந்த வண்டிக்குப் போட்டிருக்கிறோமே! முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மரகதம்மா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மடித்த துணி. காவி. புதுசு, மடிப்புக் கலையாதது.  இந்த நேரத்திலா? வண்டியைக் கெடுத்த அன்றைக்கா?

மரகதம்மா அவர் எதிரில் உட்கார்ந்து துணியை உதறினார். செங்கோடனுடைய வலது கையைப் பிடித்து, அந்தக் காவியால் ஆயில் அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அய்யய்யோ! அம்மா, காவிங்க அது!"

"தெரியுமுங்கண்ணா. கையை இழுக்காதீங்க."

"பாவமுங்கம்மா! விடுங்க, பழந்துணி எடுத்தாறேன்!"

மரகதம்மா விடவில்லை. ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். காவியில் கறுப்புத் திட்டுத் திட்டாக ஏறியது.  செங்கோடனால் கண்ணை மூடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

"பொணம் இருக்கையில அணைக்கக் கூடாது, சரி. எறக்குன பொறகு அணைக்கலாமில்லீங்கண்ணா?"

"அது… அப்பவும் அணைக்கறதில்லீங்க."

"ஆமா. ஆத்தங்கரையில உங்க வண்டிச் சத்தம் மடத்துக்குக் கேக்கும். கொள்ளி வெச்சு, ஆளுங்க குளிச்சு வர்ற மட்டும் கேக்கும். ஏனுங்கண்ணா?"

"பழக்கமுங்க."

"எப்ப இருந்து?"

செங்கோடன் தரையைப் பார்த்தார். 

"பாவாயி போனதுல இருந்துங்க."

"அன்னிக்கு நீங்க எறங்கலீங்களா?"

"எறங்கலீங்க. சுடுகாட்டு கேட்டுக்கு வெளியவே வண்டியில உக்காந்துக்கிட்டேன்."

"அப்பறம்?"

"என்ர பையன் கொள்ளி வெக்கறப்போ… அம்மான்னு கத்துனானுங்க. ஒரே ஒருக்கா. என்னால அதைக் கேக்க முடியலீங்க. ஆக்சிலேட்டரை மிதிச்சேன். என்ஜின் சத்தத்துல பொறகு ஒண்ணுமே கேக்கலீங்கம்மா."

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தார் செங்கோடன். பேசியது தான்தானா என்றிருந்தது. 

மரகதம்மா அந்தக் கையைக் கீழே வைத்துவிட்டு மற்றக் கையை எடுத்தார்.

"அன்னிக்கு எப்பங்கண்ணா அணைச்சீங்க?"

"மடத்துக்கு வந்துதாங்க. இதே எடத்துல நிறுத்தித்தான் அணைச்சேன்."

"இல்லீங்கண்ணா. அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது."