ஆற்றில் வந்ததெல்லாம் ராஜாவுக்கு

தொம்... தொம்... தகதொம்.

பொன்னுருவி அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்து முளைக்காத வயசு. அப்புறம் பல் முளைத்தது, சடை நீண்டது, அவளே துடுப்புப் பிடிக்கிற அளவு தோள் வலுத்தது, அந்தச் சத்தம் மட்டும் காதுக்குள் ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. அது என்ன சத்தம் என்று சொன்னால்தான் கதை நகரும்.

மலை இறங்கி ஆறு அகலமாகிற இடத்தில் ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரு பரிசல் இருந்தது. பரிசல் தெரியுமில்லையா? மூங்கில் பிளாச்சை வட்டமாகப் பின்னி, அடியில் எருமைத்தோல் போர்த்தி, பெரிய சட்டி மாதிரி இருக்கும். அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. தண்ணீர் போகிற போக்கில் அது போகும். எதிர்த்து வராது. அதனால் ஆற்றோடு கீழே போனவர்கள் ஊருக்குத் திரும்பும்போது பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு கரையோடு நடந்து வருவார்கள். போகும்போது அது நம்மைச் சுமந்தது, வரும்போது நாம் அதைச் சுமக்கிறோம், இதில் என்ன குறை என்பார்கள்.

பரிசலுக்கு அடியில் நடக்கிறவனுக்குத் தன் கால் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே வருகிறவர்கள் விலகவேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியவேண்டும். அதற்காக உள்ளேயிருந்து விரல்முட்டியால் தோலைத் தட்டிக்கொண்டே வருவான். வீட்டுக்கு வீடு தட்டு வேறே. பொன்னுருவியின் அப்பன் மாதையனுடைய தட்டு, தொம், தொம், தகதொம். அது ஆற்றுத் திருப்பத்தில் கேட்டதும் அவள் அம்மா கெங்கம்மா களிக்கு உலை வைப்பாள். அவன் வந்து கால் கழுவுகிறபோது களி உருண்டை ஆவி பறக்க வட்டிலில் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட மாதையன் ஒருநாள் உப்பு வாங்கக் கீழே போனான். போனவன் போனவன்தான்.

ஒரு வருசம் போனது, வரவில்லை. இன்னொரு வருசம் போனது, வரவில்லை. அப்புறம் எத்தனையோ வருசம். கெங்கம்மா மட்டும் ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் ஊர்ப் பெண்களோடு ஆற்றுக்குப் போய், பழைய தாலிச்சரட்டை மாற்றிப் புது மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஊர்க்கவுண்டர் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தா கெங்கம்மா, ஊர் ஒண்ணு பேசுது. இந்த ஆடிப்பெருக்குக்குள்ள உம் புருசன் வரணும், இல்ல இருக்கான்னு சேதியாவது வரணும். இல்லாட்டி புதுச் சரடு கட்டக் கூடாது. இருக்கறதையும் ஆத்துல விட்டுரு."

பக்கத்தில் நின்ற பொன்னுருவி, "நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

அவளுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருத்தன் கெம்பன். அவனிடம் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். "வாயை வச்சிட்டு சும்மா இரு" என்றால், "வாயை வேற எங்க வைக்கறது?" என்று கேட்பான். இன்னொருத்தி மங்கா. ஆற்றங்கரையில் பிறந்தும் தண்ணீர் என்றால் அவளுக்குக் குலை நடுங்கும்.

"நீ எதுக்குடி வர?" என்றாள் பொன்னுருவி.

"நீ போறியே. நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துக்கறேன்."

கெம்பன் வீட்டுப் பரிசலில் ஏறி, சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னுருவி துடுப்புப் போட்டாள். கெம்பன் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். "மங்கா, பாறை வருது. மங்கா, பாறை போயிடுச்சு. மங்கா, சுழி வருது."

"வந்ததைச் சொல்லாதடா, போனதை மட்டும் சொல்லு!" என்று கண்ணைத் திறக்காமலே அவனைக் கிள்ளினாள் மங்கா.

முதல் திருப்பத்தில் ஒரு முதலை படுத்திருந்தது. "யாரு அது, எங்க போறீங்க?" என்றது.

"எங்கப்பனைத் தேடிப் போறோம்."

"தட்டிக்கிட்டே நடக்கறவன்தானே? போனான், பாத்தேன். வந்ததைப் பாக்கல. சரி, யாராச்சும் ஒருத்தர் இங்கயே இறங்கிக்கறீங்களா?"

"இல்லீங்க, மூணு பேருக்கும் கீழதான் வேலை" என்றான் கெம்பன் மரியாதையாக.

இரண்டாம் திருப்பத்தில் ஒரு கிழட்டு யானை மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு நின்றது. "யாரு அது, எங்க போறீங்க?" என்றது.

"எங்கப்பனைத் தேடிப் போறோம்."

"போனான், பாத்தேன். வந்ததைப் பாக்கல." மறுபடி மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது, அதற்கு எத்தனையோ துக்கம்.

மூன்றாம் திருப்பத்தில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. "யாரு அது, எங்க போறீங்க?" என்றது.

"எங்கப்பனைத் தேடிப் போறோம்."

"போனான், பாத்தேன். வந்ததைப் பாக்கல. எப்படி வருவான்? அடுத்த திருப்பம் தாண்டினா கோட்டை. அந்த ராஜா ஒரு சட்டம் போட்டிருக்கான். ஆத்துல வந்ததெல்லாம் ராஜாவுக்கு. மரம் வந்தா மரம், மாடு வந்தா மாடு, மனுசன் வந்தா மனுசன். வேற யாராச்சும் தொட்டா கையை வெட்டிருவாங்க. உங்கப்பன் பரிசலோட போய் இறங்கினான். பரிசல் கிடங்குக்குப் போச்சு, அவன் செக்கடிக்குப் போனான். இந்த ராஜாவைப் பாத்து இன்னும் கீழ இருக்கற ராஜாவும் இதே சட்டம் போட்டுட்டானாம்."

"நீ எப்படித் தப்பிச்ச?"

"நான் ஆகாசத்துல வந்தேன்னு சொன்னேன். விட்டுட்டாங்க" என்று சொல்லிக் கொக்கு காலை மாற்றிக்கொண்டது.

பொன்னுருவி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பரிசல் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. கெம்பன் கேட்டான்: "ஏன் புள்ள, அப்ப நாம நடந்து போனா?"

"பரிசலை என்ன பண்றது?"

"அது என் தலை மேல வரட்டும்."

ஊரில் எல்லாரும் திரும்பி வரும்போதுதான் பரிசலைச் சுமப்பார்கள். போகும்போதே சுமந்தவர்கள் இவர்கள்தான். மங்கா தரையில் கால் பட்டதும் கண்ணைத் திறந்து, "இது எவ்வளவோ தேவலை" என்றாள்.

மூன்று பேரும் கோட்டை வாசல் வழியாக ஊருக்குள் போனார்கள். கடைத்தெருவில் ஜனங்கள் நடக்கிற ஆமையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். செக்கடிப் பக்கம் வந்ததும் பொன்னுருவி கெம்பனை நிறுத்தி, பரிசலுக்கு அடியில் புகுந்தாள். உள்ளே இருட்டாக, பழைய தோல் வாசனையாக இருந்தது. விரலை மடக்கித் தட்டினாள்.

தொம்... தொம்... தகதொம்.

கேட்டாள். செக்கு சுற்றுகிற கிறீச்சுதான் கேட்டது. மறுபடி தட்டினாள். செக்கு நின்றது. மூன்றாம் தடவை தட்டினாள். உள்ளே யாரோ எண்ணெய்ப் பீப்பாய் மேல், மெதுவாக, மறந்துபோன ஒன்றை நினைவுக்குக் கொண்டுவருகிற மாதிரித் தட்டினார்கள்.

தொம்... தொம்...

அங்கே நின்றுபோய், அப்புறம், தகதொம்.

பொன்னுருவி பரிசலைத் தள்ளிவிட்டு ஓடினாள். மாட்டுக்குப் பதிலாக நுகத்தில் நின்றான் மாதையன். தலை பஞ்சாக இருந்தது. அவளைப் பார்த்து, "கெங்கா?" என்றான்.

"இல்லப்பா. நான் பொன்னு."

"உனக்குப் பல்லு முளைச்சிருச்சா கண்ணு?" என்றான்.

அதற்குள் சேவகர்கள் வந்து மூன்று பேரையும் பரிசலையும் ராஜா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராஜா ஆற்றுப் படித்துறையில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆற்றில் என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

"பரிசல்! ஆத்துல வந்தது, எனக்கு. நீங்களும் எனக்கு."

"நாங்க நடந்து வந்தோம் மகாராசா, கடைத்தெருவே பாத்துச்சு" என்றாள் பொன்னுருவி.

"பரிசல் ஆத்துல வந்ததுதானே?"

"இல்லீங்க. என் தலையில வந்துச்சு. பாருங்க, முடி தேஞ்சு போச்சு" என்று கெம்பன் குனிந்து காட்டினான்.

ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜாவுக்கு முகம் சிவந்தது. "இது மிதக்குதான்னு பாப்போம். மிதந்தா ஆத்துச் சாமான். ஆத்துச் சாமான்னா எனக்கு."

"நான் ஏறிக் காட்டறேன்" என்றாள் பொன்னுருவி.

"ஏறி ஓடிப் போகவா? நானே ஏறுவேன். கொண்டா துடுப்பை."

ராஜா ஏறினார். அவர் எப்போதும் ஜனங்களுக்கு முகம் காட்டித்தான் உட்காருவார், முதுகு காட்டினால் மரியாதை என்னாவது? அதனால் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்து, துடுப்பைப் பக்கவாட்டில் ஒரு போடு போட்டார்.

பரிசல் சுற்றியது. இப்போது முதுகு தெரிந்தது. ஐயோ, முதுகு தெரியுதே என்று இன்னொரு போடு போட்டார். முகம் தெரிந்தது. ஆனால் கொஞ்சம் தள்ளித் தெரிந்தது.

"பக்கத்துல போடாதீங்க மகாராசா! முன்னால குத்தி உங்க பக்கமா இழுங்க!" என்று பொன்னுருவி உண்மையாகவே கத்தினாள். ஆற்றோடு யாரும் அடித்துக்கொண்டு போகக் கூடாது என்றுதான் அவளுக்கு இருந்தது.

"பரிசலுக்கு முன்பக்கம் எதுடி?" என்று ராஜா கத்தினார்.

அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்குள் முதுகு தெரிந்தது.

"பிடிங்கடா என்னை!"

சேவகர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "சாமி, நீங்க இப்ப ஆத்துல இருக்கீங்க. ஆத்துல இருக்கறதைத் தொட்டா எங்க கை போயிருமே."

"சட்டத்தை மாத்திட்டேன்!"

"தண்டோரா போடாம எப்படி மாறும் சாமி? நேத்துவரைக்கும் அப்படித்தானே?"

"அப்ப தண்டோரா போடுங்கடா!"

தண்டோராக்காரனைத் தேடி ஆள் ஓடியது. அவன் வந்தான், பறையைக் காணோம். பறை வந்தது, குச்சியைக் காணோம். குச்சி வந்தது, தோல் ஈரம். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காய்ச்சி, "ஆற்றில் வந்ததெல்லாம்..." என்று அவன் ஆரம்பித்தபோது ராஜா முகம், முதுகு, முகம், முதுகு என்று சின்னதாகிச் சின்னதாகித் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கெம்பன் மூத்த சேவகனிடம் கேட்டான்.

"ஏனுங்க, செக்கடியில இருக்கறவங்க எல்லாம் ராசாவுக்குத்தானே சொந்தம்?"

"ஆமா."

"ராசா இங்க இருக்காரா?"

"இல்ல."

"அப்ப அவங்க யாருக்குச் சொந்தம்?"

சேவகன் தலையைச் சொறிந்தான். "யாருக்கும் இல்லதான்."

"யாருக்கும் இல்லாதவங்க வீட்டுக்குப் போகலாமில்ல?"

சேவகன் இடுப்பிலிருந்து கிடங்குச் சாவியை எடுத்துக் கொடுத்தான். அவனுடைய மாமனும் அங்கேதான் செக்கு இழுத்துக்கொண்டிருந்தானாம், அது அப்புறம்தான் தெரிந்தது.

கிடங்கில் பரிசல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. மாதையனுடைய பரிசல் அடியில் இருந்தது. தோல் காய்ந்து இறுகி, தட்டினால் கணீரென்றது. ஆற்றோரத்துப் பல ஊர்க்காரர்களும் அவரவர் பரிசலை அவரவர் தலையில் ஏற்றினார்கள். மாதையன் தோளில் வலுவில்லை, அதனால் பொன்னுருவி சுமந்தாள். அவன் அவளோடு அதற்கடியில் நடந்து தட்டிக்கொண்டு மட்டும் வந்தான். மங்கா வழியெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தாள், கெம்பன் வந்ததையும் போனதையும் சொல்லிக்கொண்டு பின்னால் வந்தான். கொக்கு பார்த்தது, யானை பார்த்தது, முதலை பார்த்து, "இத்தனை ஆமையா?" என்று தண்ணீருக்குள் போய்விட்டது.

ஊரில் ஆடிப்பெருக்கு. பெண்கள் ஆற்றில் முளைப்பாரி விட்டுவிட்டுப் புதுச் சரடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மா தனியாக, முழங்கால் தண்ணீரில், கையைக் கழுத்தில் வைத்தபடி நின்றாள். கவுண்டர் கரையில் நின்று, "ஆகட்டும் கெங்கம்மா" என்றார்.

அப்போது திருப்பத்தில் சத்தம் கேட்டது. ஒரு தட்டு இல்லை, எத்தனையோ தட்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சந்தைக்கடை மாதிரி. கவுண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா அது, இடியா?" என்றார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கெங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். அத்தனைக்கும் நடுவில் அது இருந்தது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் நடுங்கி.

அவள் கரையேறிக் கவுண்டரைத் தாண்டி விறுவிறென்று நடந்தாள்.

"எங்க போற கெங்கம்மா?"

"உலை வைக்க" என்றாள்.

இதோடு பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டோம். ராஜா என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் சுற்றிச் சுற்றிக் கீழ்நாட்டுப் படித்துறையில் போய் ஒதுங்கினார். "நான் ராஜா" என்றார். "இருக்கட்டும், எதுல வந்தே?" என்று கேட்டார்கள். அங்கே அவருக்குப் புளிக்குக் கொட்டை எடுக்கிற வேலை கொடுத்தார்கள், தலை நரைத்து விரல் கறுக்கும்வரை எடுத்தார். அவரைத் தேடிக்கொண்டு ஆற்றில் யாரும் போகவில்லை.