கேமராவுக்குள் ஏறாத அக்கா

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை தூங்குகிறது. படித்த நாவலை நேற்று டிவியில் படமாகப் பார்த்த எரிச்சல் இன்னும் போகவில்லை. கை வேலை செய்ய, மனசில் ஓடுகிற கதை இது.

ஒரு நாவலுக்குள் அக்கா தங்கை இருவர் குடியிருந்தார்கள். தங்கை பெயர் 'நடந்தது'. அக்கா பெயர் 'சொன்னது'. தங்கை எதைச் செய்தாலும், அதை வாசிக்கிறவர் மனசில் இறக்கிவைப்பது அக்காவின் வேலை.

ஒருநாள் கேமரா வந்து, "படம் எடுக்கணும், வாங்க" என்றது. தங்கை உடனே அதன் முன்னால் போய் நின்றாள்.

நாவலின் நாயகி கோமுவைப் பெண் பார்க்க வருகிற இடம். கோமு காபித் தட்டை நீட்டினாள். சிரித்தாள். அவ்வளவுதான்.

"பொண்ணுக்குச் சம்மதம்!" என்று படம் பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கெல்லாம் கண்ணு எதுக்கு? அவ உள்ளுக்குள்ள வேண்டாம் வேண்டாம்னு கதறுறா. மூணு பக்கம் சொல்லியிருக்கேன், படிக்கலையா நீ?"

"நான் எங்கே படிக்க? எனக்குப் பார்க்கத்தான் தெரியும்," என்றது கேமரா. "மனசு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டு, எடுக்கிறேன்."

"சரி, பின்னால நின்னு நான் பேசுறேன்."

அக்கா மூன்று பக்கத்தையும் பேசினாள். கோமு தட்டை நீட்டியபடியே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கொட்டாவி விட்டாள்.

"தாயே, காபி ஆறி ஆடை படிஞ்சிருச்சு," என்றது கேமரா.

"அப்போ, இவ இஷ்டப்பட்டுத்தான் கழுத்தை நீட்டினான்னு ஊரை நம்பவைக்கப் போறியா?" அக்கா கேமராவை மறித்துக்கொண்டு நின்றாள்.

தங்கைக்கும் பொறுமை போய்விட்டது. "ஏக்கா, வார்த்தையை விட்டா உனக்கு வேற ஒண்ணும் தெரியாதா? அதைக் கீழ வை. வந்து அவ கையில உட்காரு."

முணுமுணுத்துக்கொண்டே அக்கா கோமுவின் விரலில் போய் உட்கார்ந்தாள்.

வேறு காபி வந்தது. மறுபடியும் கோமு சிரித்தாள். டம்ளர் தளும்பி, கொதிக்கிற காபி விரலில் வழிந்தது. கோமு கையை உதறவில்லை. சிரிப்பும் மாறவில்லை. கேமரா மெல்லக் கிட்டே போனது.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. "ஐயோ, இந்தப் புள்ளைக்கு இஷ்டமே இல்லையே," என்றாள் பார்த்தவர்களில் ஒருத்தி.

அக்கா மட்டும் இன்னும் புலம்பினாள். "மூணு பக்கத்தை ஒரு விரல்ல முடிச்சிட்டீங்களே!"

"முடிக்கலை தாயே. இடம்தான் மாறியிருக்கு," என்றது கேமரா.

"மிச்சத்தை யார் சொல்லுவா?"

இங்கே என் மாமியார் கூப்பிடுகிறார்கள், இரண்டாவது தடவை. "இதோ வந்துட்டேன் அத்தை" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டேன், உள்ளுக்குள் மட்டும்…