விளக்கு உபயம்

கடைசியாகப் போன சைக்கிளைப் பால் வேன் இடித்துவிட்டது. ஓட்டியவர் தங்கப்பழம். கால் எலும்பு முறிந்தது. கேனில் இருந்த கஞ்சி முழுக்க ரோட்டோடு போயிற்று.

மடம் ஊருக்கு வெளியே இருந்தது. பெரிய மடம் ஒன்றும் இல்லை. ஒரு சாமி, ஐந்து சீடர்கள், ஆளுக்கொரு சைக்கிள். தினமும் விடியுமுன் கஞ்சி காய்ச்சி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களுக்கு ஊற்றுவார்கள். பலருக்கு அன்றைக்கு அதுதான் சாப்பாடு. அந்த நேரத்துக்கு அங்கே ஆட்டோவும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

போகிற வரிசை மாறாது. மடத்துக்கு முதலில் வந்தவர் முன்னால். கடைசியில் சேர்ந்தவர் கடைசியில். முதல் ஆள் வேதாசலம். சாமியைவிட இருபது வயது மூத்தவர். விளக்கு அவர் சைக்கிளில் மட்டும்தான். மற்றவர்கள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள்.

சாமி சொன்னார்: "வெளக்கு சரியாகாம ஒரு சைக்கிளும் வெளிய போவக்கூடாது."

"அப்ப கஞ்சி, சாமி?"

"கஞ்சியும்தான்."

வேதாசலம் டவுனுக்குப் போனார். கடையில் இருந்ததிலேயே அதிக வெளிச்சமான விளக்காகப் பார்த்து எல்லாச் சைக்கிளுக்கும் வாங்கி வந்தார். இருட்டியதும் சாமி ஒரு சைக்கிளை எடுத்தார்.

"ஓய், அந்தப் புளியமரத்துக்கிட்ட போயி நில்லும்."

நின்றார். சாமி எதிரே ஓட்டி வந்தார். வேதாசலம் கையால் கண்ணை மறைத்தார். ஒதுங்கினார். கால் கருவேல முள்ளில் போய் விழுந்தது.

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல சாமி."

"நான் வந்தது?"

"அதுவும் தெரியல."

"நல்ல வெளக்கு," என்றார் சாமி. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வேதாசலம் முன்விளக்குகளைத் தரை பார்க்கச் சாய்த்து வைத்தார். சிவப்புப் பின்விளக்குகள் வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டினார். முற்றத்தில் வரிசையாக நிறுத்தி எரியவிட்டுப் பார்த்தார். எல்லாம் எரிந்தன. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"அண்ணாச்சி, கஞ்சி எப்ப வரும்?" என்றார் தங்கப்பழம்.

"ஒன் காலு எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"காலு கெடக்கட்டும். பக்கத்துக் கட்டில்காரர் சம்சாரம் தெனமும் தூக்குவாளியக் கழுவிட்டு வாசல்ல போயி உக்காருது. வெறுவாளியோட திரும்பி வருது. என்னைய ஒரு பார்வை பாக்குது. நான் சொவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதேன்."

வேதாசலம் மடத்துக்கு வந்து சாமி முன் நின்றார்.

"சரி பண்ணியாச்சு சாமி. நாளைக்குப் போறோம்."

"கேனை ஏத்தும்."

வெறும் கேனைக் கேரியரில் ஏற்றினார்கள். மேலே காவித்துணியைப் போர்த்திக் கட்டினார்கள். அன்னம் திறந்த மேனிக்குத் தெருவில் போகக்கூடாது என்பது மடத்து வழக்கம். துணி நாலு பக்கமும் தொங்க வேண்டும் என்பதும் வழக்கம்.

சாமி இரண்டாவது சீடரைக் கூப்பிட்டார். அவர் பிச்சைக்கனி.

"இவர் வெளக்கு எரியுதா பாரும்."

பிச்சைக்கனி பின்னால் போய் நின்றார். வேதாசலத்தைப் பார்த்தார்.

"கேக்கேன்லா."

"தெரியல சாமி. துணி மறைக்கு."

"மட்கார்டுல ஒரு செவப்புக் கண்ணாடி உண்டுமே. அது?"

"அதையும் துணிதான் மறைக்கு. எல்லாச் சைக்கிள்லயும் அப்படித்தான்."

"எப்பத்துலருந்து?"

"நான் வந்ததுலருந்து. தெனமும் அண்ணாச்சி பின்னாலதான போறேன்."

"சொல்லலையா?"

"அண்ணாச்சிகிட்ட எப்படிச் சாமி சொல்றது."

வேதாசலம் சைக்கிளுக்குப் பின்னால் வந்தார். துணியைச் சுருட்டிக் கேனின் கழுத்தோடு கட்டினார். விளக்கைக் கழற்றி மட்கார்டின் கீழ்நுனியில் மாட்டினார். நிமிர்ந்தார்.

"இனிமே முன்னால போறவன் வெளக்கைப் பின்னால வாரவன் பாத்துச் சொல்லணும். வயசு பாக்கவேண்டாம்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "கடைசி ஆள் வெளக்கை யாரு பாப்பா சாமி?"

"கடைசி ஆளுக்குப் பின்னால யாரு வாரா?"

"ஒருத்தரும் வரமாட்டாவ."

"அப்ப தங்கப்பழத்தை யாரு இடிச்சா?"

வேதாசலத்துக்கு முகம் கறுத்தது. "அவன்கிட்டயா என்னையப் போயி நிக்கச் சொல்லுதிய? கேஸ் குடுக்காம விட்டதே பெரிசு."

"போவாண்டாம்," என்றார் சாமி. "கஞ்சியும் போவாண்டாம்."

விடியுமுன் அந்த வேன் பால் சொசைட்டி வாசலில் நிற்கும். மடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். வேதாசலம் சைக்கிளில் கேனை ஏற்றிக்கொண்டு போனார். காவியைப் பார்த்ததும் டிரைவர் இறங்கி வந்தார்.

"போலீஸ்ல சொல்லியாச்சா சாமி?"

"இல்ல. நீரு ஏறி உக்காரும். நான் முன்னால ஓட்டிட்டுப் போறேன். தெரியுதான்னு சொல்லும்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

வேதாசலம் இருட்டுக்குள் போய்த் திரும்பி வந்தார்.

"செவப்பா ஒண்ணு தெரியுது," என்றார் டிரைவர். "ஆனா எவன் வீட்டு வாசல் லைட்டோன்னு நெனச்சிருவேன்."

"விட்டு விட்டு எரியவிட்டா?"

"விடுங்க, பாப்போம்."

போய் வந்தார்.

"நீங்க கிட்டத்துல போறியளா, தூரத்துல போறியளான்னு பிடிபடல." டிரைவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "அன்னைக்கு இதுகூட இல்ல அண்ணாச்சி. எனக்குச் சத்தம்தான் கேட்டுது."

டிரைவர் வண்டிக்குள் துழாவினார். வேனின் பின்பக்கம் ஒட்டியதில் மிச்சமிருந்த, வெளிச்சம் பட்டால் மினுக்குகிற ஸ்டிக்கர் துண்டு ஒன்று கிடைத்தது. இறங்கி வந்து, குனிந்து, இரண்டு பெடலின் ஓரத்திலும் வெட்டி ஒட்டினார். ஹெட்லைட்டைப் போட்டார்.

"விட்டு விட்டு வேண்டாம். நின்னு எரியட்டும். இப்பப் போங்க."

போய் வந்தார்.

"ரெண்டும் மாறி மாறி ஏறி எறங்குது. ஆளுன்னு தெரியுது."

வேதாசலம் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னும் நாலு சைக்கிள் கெடக்கு."

"கொண்டாங்க."

அடுத்த நாள் கஞ்சி காய்ச்சினார்கள். கேன்களை ஏற்றினார்கள். தங்கப்பழம் இடத்தில் போக ஒரு பக்தர் வந்திருந்தார். கிளம்பும்போது அன்றைய உபயம் யாருடையது என்று மூத்தவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பெடலில் கால் வைக்கலாம்.

வேதாசலம் சொன்னார்: "அரிசி உபயம், ரைஸ்மில் சண்முகவடிவு. வெளக்கு உபயம், சாமி."

"நான் எங்க ஓய் வெளக்கு மாட்டினேன்?" என்றார் சாமி.

வேதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெளக்கு உபயம், வேன்காரர்."

"அவருக்குப் பேரு கெடையாதா?"

"கேக்கல சாமி."

"கேட்டுட்டு வாரும். கஞ்சி ஆறுது."

வேதாசலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். மற்றவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார்கள். திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"அரிசி உபயம், ரைஸ்மில் சண்முகவடிவு," என்றார். "வெளக்கு உபயம், மரியசூசை."